அருவிக்குக் காட்டிய கை

குற்றாலத்துக்கு வந்தால் எல்லா நோயும் போய்விடும் என்று சொல்லுகிறவர்களை ஏற்றி இறக்கியே என் பாதி ஆயுள் போயிருக்கிறது. தென்காசி ரயில் நிலையத்து வாசலில் குதிரை வண்டிகள் வரிசையாக நின்ற காலம் அது. ஆனி பிறந்து மலையில் சாரல் விழ ஆரம்பித்தால், மதுரைக்காரனும் மெட்ராஸ்காரனும் துண்டும் எண்ணெய்க் குப்பியுமாக வந்து இறங்குவார்கள். வண்டியில் ஏறி உட்கார்ந்த உடனே பேச்சு தொடங்கிவிடும். மூலிகைத் தண்ணீராம். மலையில் இருக்கிற வேரையெல்லாம் கழுவிக்கொண்டு வருகிறதாம். தலையில் விழுந்தால் பைத்தியம் தெளியுமாம், முதுகில் விழுந்தால் வாதம் போகுமாம். வழுக்கைத் தலை மனிதர் ஒருவர், முடி முளைக்குமா என்று என்னிடமே கேட்டார். "என் குதிரை சின்னதுலேருந்து இந்தத் தண்ணிலதான் குளிக்கி சார், அதுக்கு வால்முடி கொட்டிக்கிட்டு இருக்கு" என்றேன். அவர் துண்டை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார்.

அந்தத் தண்ணீரையே குடித்து, அதிலேயே பாய்ந்த நெல்லைத் தின்று வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்கு வராத நோய் எது? சொறி வரும், மஞ்சள்காமாலை வரும், மூட்டுவலி வரும். மலையிலிருந்து மூலிகை வருகிறது என்றால் குரங்கு மூத்திரமும் சேர்ந்துதான் வருகிறது. அதை யாரும் சொல்லமாட்டார்கள். தண்ணீரைக் குறை சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். குளித்தால் அழுக்குப் போகும், பசி எடுக்கும், ராத்திரி தூக்கம் வரும். நல்ல தண்ணீர். அதற்குமேல் அதனிடம் எதையும் கேட்கக் கூடாது. கேட்ட ஆள் ஒருவர் எனக்குச் சம்பந்தியாக வாய்த்தார்.

இலத்தூர்க்காரர். நஞ்சை நிலம் உள்ள வீடு, தொழுவம் நிறைய மாடு. அப்படிப்பட்ட வீட்டில் குதிரை வண்டிக்காரன் மகளை எடுத்தது எப்படி என்று கேட்பீர்கள். கோயில் திருவிழாவில் என் மகளைப் பார்த்துவிட்டு, கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று அவருடைய மகன் அப்பாவை எதிர்த்து ஒரு தடவை பேசிவிட்டான். அதோடு அவனிடம் இருந்த பேச்சு தீர்ந்துவிட்டது. பிறகு வாயைத் திறக்கவே இல்லை. சம்பந்தியும் அதை மறக்கவே இல்லை. நான் அவரைச் சம்பந்தி என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைக் கடைசிவரை 'வண்டிக்காரரே' என்றுதான் கூப்பிட்டார்.

அந்த மனிதருக்கு மாடு குதிரை பற்றி எல்லாம் தெரியும் என்ற எண்ணம். ஒரு தடவை கடையநல்லூரில் ஒரு பாயிடம் நான் குதிரை வாங்கப் போனேன். கூப்பிடாமலே கூட வந்தார். குதிரையின் வாயைப் பிளந்து பல்லைப் பார்த்தார், நெற்றிச் சுழி பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். அதோடு விட்டாரா? "இதுக்குத் தாய் எங்கன நிக்கி? தகப்பன் எது? தாய்க்குக் கால் நோவு உண்டுமா? கூடப் பொறந்தது எதுவும் குட்டியில செத்துச்சா?" என்று விசாரணை போட்டார்.

பாய் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, நான் குதிரை விக்குதேன். பொண்ணு குடுக்கல" என்றார்.

"வெவரம் இல்லாம பேசாதீரும் பாய்" என்றார் சம்பந்தி. "வம்சத்துல ஒரு கோளாறு இருந்தா ஒரு தலைமுறை சும்மா படுத்துக் கெடக்கும். அடுத்ததுல எந்திரிச்சு வந்து கடிக்கும். தாய் தகப்பன கேக்காம உசுருள்ள எதையும் வாங்கப்படாது."

நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிற ஆள், இந்தக் குதிரைக் கதை இப்போது எதற்கு என்று கேட்கிறாள். எதற்கென்று பின்னால் தெரியும், எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

தன் வம்சத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் காது வலிக்கும். "எங்க வம்சத்துல தலைவலின்னு ஒருத்தன் படுத்தது கெடையாது வண்டிக்காரரே" என்பார். சொல்லிவிட்டு நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். அவர் உடம்பு இரும்புதான், அதில் பொய் இல்லை. பேரன் பேத்தி எடுத்த வயசில் பேரருவிக்கு அடியில் போய்ச் சிலை மாதிரி நிற்பார்.

அப்படியானால் அந்த வீட்டில் யாரும் சாகவே இல்லையா? செத்தார்கள். அவருடைய அப்பா சின்ன வயசிலேயே போய்விட்டார். வயலில் நிற்கும்போது மண்டையில் வெயில் இறங்கிவிட்டதாம், தலைக்குள் வீங்கிவிட்டதாம். அவருடைய தங்கச்சி ஒருத்தி கைக்குழந்தையை விட்டுவிட்டுச் செத்தாள். மார்பில் பால் கட்டி அதில் காற்று சேர்ந்துவிட்டதாம். அவருடைய அண்ணன் மகன் ஒருவன், மீசை முளைக்காத பையன், பனையிலிருந்து விழுந்து தொடையில் அடிபட்டு அந்த வீக்கம் வடியாமலே போனான். இதையெல்லாம் சம்பந்தியே சொல்லித்தான் எனக்குத் தெரியும். நானும் உம் கொட்டிக்கொண்டு கேட்டேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் சாவார்கள். வெயில் கொல்லும், காற்று கொல்லும், பனை கொல்லும். நோயில் செத்தவன் ஒருத்தனும் கிடையாது.

என் மகளுக்கு முதலில் பெண் குழந்தை பிறந்தது. எழுபதுகளின் கடைசி அது. குழந்தைக்கு நாலு வயசு நடக்கும்போது, வலது முழங்கைக்குக் கீழே, சதைக்குள் இலந்தைப்பழம் மாதிரி ஒன்று உருண்டது. என் மகள்தான் குளிப்பாட்டும்போது முதலில் பார்த்தாள். வலி இல்லை. குழந்தை அதைப் பிடித்து விளையாடியது. ஒரு மாசத்தில் அது எலுமிச்சம்பழம் ஆகிவிட்டது.

அந்த நேரம் பார்த்து சம்பந்தியின் கடைசி மகளுக்குச் சுரண்டையில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். சந்தையில் கடை வைத்திருக்கிற வீடு. ஆவணியில் கல்யாணம். பேத்தியின் கையில் கட்டி என்று வெளியே தெரிந்தால் என்ன ஆகும்? சுரண்டைக்காரர்கள் என்ன ஏது என்று கேட்பார்கள். கேட்டால் வெயிலும் பனையும் காற்றும் வெளியே வரும். அதனால் டாக்டர் கிடையாது. ஆடி மாசத்தில், சாரல் ஓய்ந்து வெயில் காய்கிற நாளிலும், குழந்தைக்கு மணிக்கட்டுவரை கை வைத்த சட்டை தைத்துப் போட்டார்கள். என் மகள் என்னிடம் சொல்லிவிடுவாள் என்று அவளைத் தென்காசிப் பக்கமே விடவில்லை.

ஆனால் வைத்தியம் பார்க்காமல் இல்லை. அருவிக்குக் காட்டினார்கள்.

எனக்கு இது எப்படித் தெரிந்தது என்றால், என்னோடு வண்டி ஓட்டிய ஒருவன் ஐந்தருவியிலிருந்து சவாரி இறக்கிவிட்டு வந்து, குதிரைக்குப் புல்லைப் போட்டுக்கொண்டே கேட்டான். "அண்ணாச்சி, ஒம்ம பேத்திக்குக் கையில என்ன?"

"என்ன? ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லாமயா தெனமும் அருவிக்குத் தூக்கிட்டு வாராவ? தாத்தாக்காரர் புள்ளையப் புடிச்சுக்கிட்டு, கைய மட்டும் தண்ணிக்கு நீட்டிக் காட்டுதாரு. அது கெடந்து கத்துது. துணியக் கல்லுல அடிக்குத மாதிரில்லா இருக்கு. முன்னால ஒரு மணி நேரம் எண்ணெ தேய்ப்பு வேற."

"எவன் வண்டில வாராவ?"

"ஒம்ம வண்டி இல்ல, எங்க வண்டியும் இல்ல. செங்கோட்டை வண்டி. ஒமக்குத் தெரியப்படாதுன்னுதான் போல."

நான் நேரே போய் எண்ணெய் தேய்க்கிற ஆளைப் பிடித்தேன். அருவிக்குப் போகிற வழியில் பாறைமேல் துண்டை விரித்து உட்கார்ந்திருப்பான். ஆள் வாட்டசாட்டம். அவன் கையில் அகப்பட்டால் எருமைக்கே எலும்பு நெகிழும்.

"கட்டியையா தேய்ச்ச?" என்றேன்.

"கரைச்சு விடச் சொன்னாவ அண்ணாச்சி. அமுக்கி அமுக்கித் தேய்ச்சேன்."

"கரைஞ்சுதா?"

"கரையல. பெருசாவுது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்ணெயக் குத்தம் சொல்லாதீரும். எண்ணெ நல்ல எண்ணெ" என்றான்.

எண்ணெய்மேல் அவனுக்கு இருந்த கவலையில் கால்வாசி அந்தக் குழந்தைமேல் அந்த வீட்டில் யாருக்காவது இருந்திருக்கலாம்.

அன்றைக்கே வண்டியை இலத்தூருக்கு விட்டேன். சம்பந்தி தொழுவத்தில் ஒரு கன்றுக்குக் காதைத் திருப்பி உண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். காதுக்குள் விரலை விட்டு அவ்வளவு பதமாகப் பார்த்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னபோதும் நிமிரவே இல்லை.

"கொழுப்புக் கட்டி. கரைஞ்சிரும்."

"ரெண்டு மாசமாக் கரையலயே சம்பந்தி. கன்னுக்குட்டிக்கு இப்படி இருந்தா மாட்டு டாக்டர கூப்பிட மாட்டீரா?"

"அருவி அடிக்குக் கரையாத கட்டி எங்கன இருக்கு? ஆவணி கழியட்டும். கல்யாணம் முடிஞ்சா கூட்டிட்டுப் போவலாம்."

"கல்யாணத்துக்கும் புள்ள கைக்கும் என்ன?"

இப்போதுதான் நிமிர்ந்தார். "வண்டிக்காரரே, மாப்பிள வீட்டுல துருவிக் கேக்கது என்னன்னு ஒமக்குத் தெரியாது. எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு கெடையாது. உம்ம மக கொண்டாந்த ரத்தம். நான் அத ஊர்ல சொல்லாம மூடி வச்சிருக்கேன். அதுக்கு நீரு எனக்கு ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகணும்."

மருமகன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். தூண் அவனைவிட அதிகமாகப் பேசும் போலிருந்தது.

நான் என்ன செய்திருப்பேனோ தெரியாது. அதற்குள் உள்ளேயிருந்து என் மகள் வந்தாள். மாமனார் முன்னால் குரல் உயர்த்திப் பேசாத பெண். "அப்பா, வண்டியத் திருப்பி நிறுத்துங்க" என்றாள். திரும்ப உள்ளே போனாள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மாற்றுத்துணி ஒன்றைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து ஏறி உட்கார்ந்தாள்.

"ஏட்டி, இப்பப் போனா திரும்பி வராத" என்றார் சம்பந்தி.

"கையோட வந்தா வாரேன் மாமா" என்றாள் என் மகள்.

தென்காசியில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். அவர் கையைத் தொட்ட உடனே, இங்கே வேண்டாம், திருவனந்தபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். மறுநாள் காலையில் ரயிலுக்கு நின்றோம். மருமகன் ஒரு பையோடு வந்து பக்கத்தில் நின்றான். வந்தானே என்று நினைத்தேன். அந்த ஒரு காரியத்துக்காக அவனை நான் இன்றுவரை ஒரேயடியாகத் திட்டுவதில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டியிலிருந்து கொஞ்சம் கிள்ளி எடுத்துப் பார்த்தார்கள். சதையில் வருகிற புற்றுநோய் என்றார் டாக்டர். வயசானவர், மலையாளம் கலந்த தமிழ். குழந்தைக்குப் புற்றுநோயா என்று நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். வெற்றிலை போடுகிற கிழவனுக்கு வாயில் வரும், அதுதான் நான் பார்த்தது. இந்தக் குழந்தை என்ன வெற்றிலை போட்டது?

அந்த டாக்டர் எரிந்து விழவில்லை. என்ன தொழில் என்று கேட்டார். குதிரை வண்டி என்றேன். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன். உடம்பு சின்னச் சின்ன அறைகளால் கட்டினது. ஒவ்வொரு அறைக்குள்ளேயும் நூல் மாதிரி சுருண்டு கிடக்கிறது. அப்பனும் ஆத்தாளும் கொடுத்தது எல்லாம் அந்த நூலில்தான் இருக்கிறது. பிள்ளை வளரும்போது ஓர் அறை இரண்டாகும், நூலும் இரண்டாகும். அப்படி ஆகும்போது நூல் அறுவது உண்டு. "எல்லார்க்கும் அறும். உங்க வண்டி வார் அறுந்தா நீங்க முடிஞ்சுக்குவீங்கல்லே, அதுபோல உடம்பே முடிஞ்சுக்கும். இந்தக் குட்டியோட கட்டியில கண்டபடி அறுந்து, கண்டபடி ஒட்டியிருக்கு. தலைப்பு வால்ல, வால் தலைப்புல. ஒரு அறையில உள்ளது மாதிரி பக்கத்து அறையில இல்லை. அதுக்கு ஒரு நிலை இல்லை. அதான் இத்தனை வேகம்."

"ஏன் அப்படி அறுது?"

"அறியில்லா" என்றார். "முழுசா யாருக்கும் தெரியாது. சில குடும்பத்தில மட்டும் அடிக்கடி வருது. பிள்ளைக்குச் சதையில வரும், அத்தைக்கு மார்புல வரும், வேறொருத்தருக்கு எலும்புல, மூளையில. பாத்தா வேற வேற நோய். வேர் ஒண்ணா இருக்கலாம். அதனால ஒண்ணு கேக்கணும். உங்க ரெண்டு வீட்டுலயும் சின்ன வயசில யாராவது இப்படிப் போயிருக்காங்களா? இருந்தா அந்த வீட்டில மத்தவங்களையும் பாக்கணும். சின்னதா இருக்கும்போதே பிடிச்சிடலாம்."

தெரியாது என்று சொன்ன டாக்டரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அதனாலேயே அவரை நம்பினேன். எங்கள் பக்கம் செத்தவர்களை எல்லாம் தாத்தா பாட்டி தொடங்கி ஒப்பித்தேன். கிழடாகிச் செத்தவர்கள், பாம்பு கடித்த ஒரு சித்தப்பா, காலராவில் போன ஒரு அத்தை. டாக்டர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். பிறகு மருமகன் பக்கம் திரும்பினார்.

மருமகன் தரையைப் பார்த்தான். நான் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை, மார்பு என்று டாக்டர் அவ்வளவு தெளிவாகச் சொல்லியும் எனக்கு எதுவும் தட்டுப்படவில்லை. பால்கட்டும் பனையும் எனக்கு நோயாகவே தெரியாது.

"எங்க வம்சத்துல ஒண்ணும் கெடையாது" என்றான் மருமகன். அவன் சொந்தமாகப் பேசிய பேச்சு இல்லை அது. வீட்டிலிருந்து பையில் வைத்துக் கொடுத்துவிட்டது.

கை போயிற்று. முழங்கைக்கு மேலே எடுத்தார்கள். முதலில் பார்த்தபோதே வந்திருந்தால் கட்டியை மட்டும் எடுக்கப் பார்த்திருக்கலாம் என்றார் டாக்டர். அதற்கப்புறம் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். தலைமுடி போயிற்று, வாந்தி எடுத்து எடுத்துக் குழந்தை கருவாடு மாதிரி ஆயிற்று. என் மகள் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே குடியிருந்தாள். மலையாளம் அங்கேதான் படித்தாள். குழந்தை பிழைத்தது. இதை எழுதிக்கொண்டிருக்கிறவள் அவள்தான், இடது கையால்.

ஆவணியில் சுரண்டைக் கல்யாணம் ஜாம் ஜாம் என்று நடந்தது. பேத்திக்கு அம்மை போட்டிருக்கிறது, தென்காசித் தாத்தா வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லிச் சமாளித்தார்களாம். ஆனால் அம்மை போட்டால் கை போகாது. குழந்தை ஊருக்குத் திரும்பினால் சட்டைக் கை ஆடும், நாலு பேர் பார்ப்பார்கள். அதற்குச் சம்பந்தி ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

என் வண்டிச் சக்கரத்தில் அகப்பட்டுக் கை போய்விட்டதாம்.

இதை எனக்கு முதலில் சொன்னது ஒரு சவாரிக்காரி. தன் குழந்தையை வண்டியில் ஏற்றப் போனவள், என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கீழே இறக்கிக்கொண்டாள். "நீங்கதான பேத்தி கைமேல வண்டிய ஏத்துனவுக?" என்றாள். வெயில் கொன்றது, காற்று கொன்றது, பனை கொன்றது, அந்த வரிசையில் என் வண்டியும் சேர்ந்துவிட்டது. சும்மா நிற்கிற பனைமரம் இதையெல்லாம் எப்படித் தாங்கிக்கொண்டதோ என்று அன்றைக்கு நினைத்தேன். பிள்ளைக்குட்டியோடு வருகிறவர்கள் என் வண்டியில் ஏறுவது குறைந்தது. அதற்குள் பஸ்ஸும் அதிகமாகிவிட்டது. குதிரையை விற்றுவிட்டு ரயில் நிலையம் பக்கத்தில் டீக்கடை போட்டேன்.

கையோட வந்தா வாரேன் என்றவள், புருஷனுக்காக மறுபடி அந்த வீட்டுக்குத்தான் போனாள். இதில் இன்னொரு வேடிக்கை. வெளியே சக்கரத்தில் போன கை, வீட்டுக்குள் வேறு மாதிரி. "அருவியில காட்டினதுனாலதான் கையோட போச்சு. இல்லன்னா உசுரே போயிருக்கும்" என்று என் மகளிடமே சொன்னார் அந்த மனிதர். அவள் என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தாள். அழவேண்டிய பேச்சுக்குச் சிரிக்கிற பழக்கம் அவளுக்கு அந்த வீட்டில்தான் வந்தது.

சில வருஷம் போயிற்று. எண்பதுகளில் பாதி. சாரல் சமயம். டீக்கடையில் ஈரத்துணி நாற்றமும் சீசன் கூட்டமும். ஒரு நாள் காலையில் சம்பந்தியின் கடைசி மகள், சுரண்டையில் கட்டிக்கொடுத்த பெண், தனியாக வந்து கடை ஓரத்தில் நின்றாள்.

"மாமா, திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரிக்கு எந்த ரயிலு?"

"யாருக்கும்மா?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பை இழுத்து மார்பை மூடிக்கொண்டாள். அதுவே பதில். சின்னக் கட்டி. பிள்ளை பெற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. புருஷன் வீட்டில், ஓய்வெடுத்துக்கொண்டு வா என்று அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அப்பா என்ன சொல்லுதாரு?"

"பால்கட்டுங்காரு. நாளையிலேருந்து அருவிக்குக் கூட்டிட்டுப் போறேங்காரு." இன்னும் கிட்டே வந்தாள். "மாமா, எங்க அத்தைக்கும் பால்கட்டுன்னுதான் சொன்னாவ. நான் சின்னப் புள்ள. அத்தைக்குத் துணி கட்டி விடுவாவ, நான் பாத்துருக்கேன். அது பால்கட்டு இல்ல. மைனி மக, ஒங்க பேத்தி, அவ கையையும் நான்தான் புடிச்சுக்கிட்டு நிப்பேன், எண்ணெ தேய்க்கையில. எனக்குக் கல்யாணம் ஆவணும்னுதான அத மூடி வச்சாவ. இப்ப என்னையும் மூடி வைக்கப் பாக்காவ."

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. டாக்டர் கேட்ட கேள்வி, அத்தைக்கு மார்பில் வரும் என்று அவர் சொன்னது, பனை, வெயில், எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. இத்தனை வருஷம் அந்தக் கதைகளைக் கேட்டு உம் கொட்டியிருக்கிறேன்.

மறுநாள் என் மகளும் அவளும் நானும் ரயில் ஏறினோம். கைக்குழந்தையும் கூட. செங்கோட்டையில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். மூச்சு வாங்க ஓடி வந்து ஏறினார் சம்பந்தி. வேட்டியெல்லாம் சைக்கிள் மசி.

"ஏட்டி, எறங்கு. ஊரு சிரிக்கும்" என்றார்.

"சிரிக்கட்டும்பா."

"மாப்பிள வீட்டுல என்ன பதில் சொல்லுவேன்? எறங்குங்கேன்லா."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவர் திட்டிக்கொண்டே இருக்கும்போது ரயில் நகர்ந்துவிட்டது. குதிக்கலாமா என்று வாசல்வரை போய்ப் பார்த்தார், தைரியம் வரவில்லை. டிக்கெட் இல்லாமல், செருப்பு ஒன்றை நடைமேடையில் விட்டுவிட்டு, எங்களோடு உட்கார்ந்தார். ஆரியங்காவுவரை திட்டினார். குகைக்குள் ரயில் போனதும் இருட்டில் யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமல் நிறுத்தினார். வெளியே வந்ததும் மறுபடி ஆரம்பித்தார். புனலூரில் என் மகள் முறுக்கு வாங்கிக் கொடுத்தாள், தின்றார்.

அதே டாக்டர். தலை இன்னும் நரைத்திருந்தது. என் மகளைப் பார்த்ததும் குட்டி எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். பிறகு சுரண்டைப் பெண்ணைப் பரிசோதித்துவிட்டு, எங்களை உட்காரவைத்து, அன்றைக்குக் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

சம்பந்தி ஒற்றைச் செருப்போடு முன்னால் வந்து நின்றார். "எங்க வம்சத்துல..." என்று ஆரம்பித்தார்.

"அப்பா, நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள். குழந்தையை என் மகள் மடியில் கொடுத்துவிட்டு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். "எங்க அத்தைக்கு மார்புல கட்டி வந்து செத்தாவ. பெரியப்பா மகனுக்குத் தொடையில. பனையிலேருந்து விழல, அவனுக்குப் பனையே ஏறத் தெரியாது. எங்க தாத்தா தலைக்குள்ள வீங்கிச் செத்தாரு. எங்க அண்ணன் மக கை வண்டிச் சக்கரத்துல போவல, அது ஒங்களுக்கே தெரியும். இப்ப நான். எனக்கு ஒரு பொம்பளப் புள்ள இருக்கு. அதுக்கும் வருமான்னு எனக்குத் தெரியணும்."

இத்தனையும் ஒரே மூச்சில் சொல்ல அவளுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கும் என்று நினைத்தேன்.

டாக்டர் சம்பந்தியைப் பார்த்தார். "உங்களுக்கு?"

"எனக்கு என்ன? ஒரு தலைவலி வந்தது கெடையாது." நெஞ்சைத் தட்டிக் காட்டினார். அங்கேயும்.

"சரி. சிலருக்கு வராது" என்றார் டாக்டர். "வராமலே பிள்ளைக்குக் கொடுத்திட்டுப் போவாங்க. உங்க அச்சன், உங்க பெங்ஙள், உங்க சேட்டனோட மகன், உங்க மகள், உங்க மகனோட மகள். நடுவில நீங்கதானே நிக்கிறீங்க. உங்க வழியாத்தான் வந்திருக்கணும்."

பெங்ஙள் என்றால் தங்கச்சி என்று என் மகள் மெதுவாகச் சொன்னாள். சம்பந்திக்கு அது தேவையாக இல்லை. எல்லாம் விளங்கிவிட்டது முகத்தில் தெரிந்தது. என் மகள் கொண்டுவந்த ரத்தம் என்றாரே, அந்த வாய் திறந்தபடி இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம். பெரிய மனிதனாக இருந்திருந்தால் சும்மா இருந்திருப்பேன்.

"கடையநல்லூர்ல குதிரைக்குக் கேட்ட கேள்விதான சம்பந்தி" என்றேன். "தாய் எது, தகப்பன் எதுன்னு. அங்கன நல்லாக் கேட்டீரே."

அவர் வெறும் காலைத் தூக்கி மற்றக் காலின்மேல் வைத்துக்கொண்டார்.

சின்னக் கட்டியாக இருக்கும்போதே வந்ததால் அந்தப் பெண்ணுக்குக் காரியம் சுலபமாக முடிந்தது. ஒரு மார்பு போயிற்று, உயிர் நின்றது. பிள்ளையை வருஷாவருஷம் கொண்டுவந்து காட்டச் சொன்னார் டாக்டர். அவள் தவறாமல் காட்டினாள். சுரண்டைக்காரர்கள் அவளைத் தள்ளி வைப்பார்கள் என்று சம்பந்தி நடுங்கிக்கொண்டிருந்தார். அவர்கள் தள்ளி வைக்கவில்லை. கடையில் கணக்குப் பார்க்க அவளை விட்டால் ஆள் இல்லை, அதுதான் காரணம். பாசம் என்று நான் சொல்லமாட்டேன்.

அதற்கப்புறம் சம்பந்தி திருந்தினாரா என்று கேட்டால், அவர் திருந்துகிற ஜாதி இல்லை. திருவனந்தபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே தான்தான், டிக்கெட்கூட எடுக்காமல் ஓடினேன் என்று இலத்தூரில் சொல்லிக்கொண்டிருந்தார். என் வண்டிச் சக்கரம் மட்டும் கடைசிவரை பேத்தி கைமேல் ஏறி நின்றது. அதை அவர் இறக்கவே இல்லை.

எண்பதுகளின் கடைசியில் சம்பந்தியின் சொந்தத்தில் ஒரு பையனுக்குக் கடையத்துப் பக்கம் பெண் பார்க்கப் போனார்கள். என்னையும் கூட்டிப் போனார்கள், கூட்டத்துக்கு ஆள் வேண்டுமே. காப்பி குடித்துவிட்டுப் பெண்ணின் அப்பாவிடம் சம்பந்தி மெதுவாக ஆரம்பித்தார்.

"கேக்குதேன்னு தப்பா நெனைக்கப்படாது. ஒங்க வீட்டுல யாருக்காவது கட்டி கிட்டி, சின்ன வயசுல சாவு, அப்படி எதுவும் உண்டுமா?"

பெண்ணின் அப்பா நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். "எங்க வம்சத்துல தலைவலின்னு ஒருத்தன் படுத்தது கெடையாது அண்ணாச்சி" என்றார்.

சம்பந்திக்கு முகம் மலர்ந்துவிட்டது. தாம்பூலத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அந்த வீட்டுக்காரர் எங்களிடம் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை.